ஒரேயொரு கோடு

எங்கள் இரும்புக்கடையில்
போன வருட டயரிகள் எட்டு மிஞ்சிக் கிடந்தன.
ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
அதில் இன்று ஞாயிறு.
வெளியே திங்கள்.
பரவாயில்லை.

பகல் முழுக்க
மற்றவர்களின் கடன்களை எழுதுகிறவள் நான்.
ஆணி, கம்பி, கூரைத் தகரம்,
யார் எவ்வளவு தர வேண்டும்,
எப்போது தருவதாய்ச் சொன்னார்கள்,
எப்போது தரவில்லை.
இரவில், சோறு ஆறும் வரைக்கும்
என்னுடைய கடன்களை எழுதலாம் என்று தொடங்கினேன்.

முதல் வாரம் எல்லாம் பெரிதாகவே வந்தன:
கடல், காற்று, உயிர், உடல்நலம்.
வாசித்தால்
கலியாண வாழ்த்து மடல் போல இருந்தது.
கடல் யாரிடம் பற்றுச்சீட்டுக் கேட்டது?
அந்த நாலு தாளையும் கிழித்து மடித்து
மேசைக்காலுக்குக் கீழே வைத்தேன்.
மேசை ஆடாமல் நின்றது.
அதை எழுதினேன்.
அதுதான் முதல் சரியான பதிவு.

பிறகு மெல்ல மெல்ல:
நூற்று முப்பத்தெட்டாம் இலக்க பஸ்ஸில்
ஒருத்தி என் பையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.
உள்ளே மீன். கிருலப்பனை வரும்வரை நீர் கசிந்தது.
அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பர்ஹானா தன் ரோல்ஸில் பாதி தந்தாள்,
மிளகாய் இல்லாத பாதி.

மின்சாரம் போனது. விசிறி நின்றது.
பக்கத்து மாடியில் யாரோ விசிலடிப்பது கேட்டது.
மூன்று வருடமாய் அது அங்கேயே இருந்திருக்கிறது,
விசிறிச் சத்தத்துக்குப் பின்னால்.

ஒன்றும் கிடைக்காத நாட்களும் உண்டு.
"இல்லை" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
பொய்க்கணக்கு எழுதிப் பழக்கமில்லை.

வைகாசி மழை பிடித்த ஓரிரவு எழுதினேன்:
"ரயில் கடவைக்காரர்.
பதினொரு வருடமாய் அதே மனிதர்,
அதே பச்சைக் கதிரை, அதே சிவப்புக் கொடி.
நான் கடன்பட்டிருக்கிறேன்."
எழுதி முடித்தபோது
எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மறுநாள் கடவை மூடியிருந்தது, ரயில் பிந்தியது.
அவர் அருகே போய்
என் உடைந்த சிங்களத்தில்
பதினொரு வருடத்தையும் சொல்லி நன்றி சொன்னேன்.
அவர் சிரித்துவிட்டார்.
"நான் வந்து ஒன்றரை வருடம்தான், மிஸ்.
எனக்கு முதல் இருந்தவர் விமலசேன.
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
கண்டிருப்பீர்களே?"

காணவில்லை.
ஒன்பதரை வருடம்
மூன்று விரல்கள் எனக்கு முன்னால்
ஒரு கொடியைப் பிடித்திருக்கின்றன.
நான் கொடியைப் பார்த்திருக்கிறேன்.

ரயில் வந்தது.
களனிவெளி ரயில் குட்டையானது.
என் முகம் ஆற
அதன் நீளம் போதவில்லை.

கணக்கேட்டில் பிழை வந்தால்
சுரண்டக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது.
ஒரேயொரு கோடு.
பிழை கீழே வாசிக்கக்கூடியதாய்க் கிடக்க வேண்டும்.
பக்கத்தில் கையெழுத்து.
அன்றிரவு "அதே மனிதர்" மேல் கோடு இழுத்தேன்.

இவர் பெயர் கமகே.
எங்கள் எழுத்தில் முதல் ககரம் வல்லென்று விழுகிறது.
மெதுவாய்ச் சொல்லிப் பழகுகிறேன்.
மற்றவரின் கணக்கை எப்படித் தீர்ப்பது?
குருணாகல் பக்கம் போய்விட்டாராம், விலாசம் இல்லை.
நிலுவை என்று குறித்து
ஒவ்வொரு பக்கமாய் முன்னே கொண்டுபோகிறேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது.
கடவை மூடியிருக்கட்டும் என்று
காலையில் பத்து நிமிடம் முந்திப் புறப்படுகிறேன்.
நேற்று மூடியிருந்தது.
நின்றேன். நன்றாகப் பார்த்தேன்.

கதிரை நீலம்.

அதற்கும் ஒரு கோடு.